சேலத்தில் பி.காம். முடித்து மாதம் 13,500: இங்கேயே இருந்தால் சம்பளம் ஏறுமா?

உங்கள் கேள்வி நீளமாக இருந்ததால் முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பி.காம். முடித்து இரண்டு வருடம் ஆகிறது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறீர்கள், கைக்கு 13,500 வருகிறது. அப்பா அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறார். வீட்டில் டி.என்.பி.எஸ்.சி. எழுதச் சொல்கிறார்கள். கூடப் படித்தவன் பெங்களூரில் வருடம் மூன்று லட்சம் பேக்கேஜ் என்கிறான். ஒரு கல்லூரிக்காரர் எம்.பி.ஏ. சேர்ந்தால் மாதம் 50,000 நிச்சயம் என்று வீட்டுக்கே வந்து சொல்லியிருக்கிறார். எதைப் படித்தால் மூன்று வருடத்தில் அந்த 50,000 வரும், சேலத்தை விட்டுப் போயே ஆகணுமா, வேலை தேடுவதை முதலாளியிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதைப் படிப்பது என்று கேட்டிருந்தாலும், உங்களை உறுத்துவது வேறு ஒன்று என்று நினைக்கிறேன். பட்டம் வாங்கியும் இந்தத் தொகை ஏன் நகரவில்லை, அதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். ஓமலூர், மேட்டூர் பக்கம் ஆலைகளில் பணியாளர் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். ஆஃபர் லெட்டரில் தொகையை எழுதுகிற பக்கம் உட்கார்ந்திருந்தவன். ஐ.டி. கம்பெனிகளுக்குள் வேலை பார்த்ததில்லை, அதனால் அந்தத் துறையைப் பற்றி நான் சொல்வதை மட்டும் வெளியாள் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று பேசும்போது எங்கள் மேஜையில் மூன்று விஷயங்கள் இருக்கும். அவர் இப்போது வாங்குவது எவ்வளவு, அதே வேலையில் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் வாங்குவது எவ்வளவு, அந்த இடத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு. பட்டம் எதற்கு என்றால், கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய. கூப்பிட்ட பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த மூன்றையும் தாண்டித் தொகை மேலே போன சமயங்களில் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இந்த ஆளை விட்டால் இந்த வேலைக்கு இன்னொருவரைப் பிடிக்க ஆறு மாதம் ஆகும் என்று துறைத் தலைவர் அடித்துச் சொல்வார். பில் என்ட்ரி போடுபவருக்கு அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த திங்கட்கிழமையே வேறு ஆள் கிடைத்துவிடுவார்.

ஒரு நேர்காணலைச் சொல்கிறேன். கணக்குப் பிரிவுக்கு உதவியாளர் எடுத்தோம். எங்கள் நிதி மேலாளர் வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். (இந்தத் துறைக்குப் புதியவர்களுக்கு: 3பி என்பது 20ஆம் தேதிக்குள் போட வேண்டிய ஜி.எஸ்.டி. மாத ரிட்டர்ன், ஜி.எஸ்.டி.ஆர்-1 என்பது விற்றவர் தன் பில்களைக் காட்டும் ரிட்டர்ன், 2பி என்பது அப்படிக் காட்டிய பில்கள் வாங்கியவருக்குப் போர்ட்டலில் வரும் பட்டியல், ஐ.டி.சி. என்பது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது.) "நாளைக்கு 3பி தாக்கல். ஒரு சப்ளையரின் பில் 2பி-யில் வரவில்லை. என்ன செய்வீர்கள்?" மற்றவர்கள் எல்லோரும் "ஐ.டி.சி. எடுக்க முடியாது சார்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். சரியான பதில்தான். ஆத்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் மட்டும், "முதலில் சரக்கு உள்ளே வந்ததா என்று கேட் இன்வர்டு நோட்டைப் பார்ப்பேன் சார். வந்திருந்தால் சப்ளையருக்கு போன் போட்டு, அவர் மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்-1 போடுபவரா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுபவரா என்று கேட்பேன். மூன்று மாதக்காரர் என்றால் இந்த மாதம் எடுக்காமல் தனி லெட்ஜரில் நிறுத்தி வைப்பேன். மாதம் போடுபவர் விட்டுவிட்டார் என்றால், அவர் போடும் வரைக்கும் வரித் தொகையை மட்டும் பேமென்டில் பிடித்து வைக்கலாமா என்று உங்களிடம் கேட்பேன்" என்றாள். அவள் போன பிறகு நிதி மேலாளர் என்னிடம், "இந்தப் பொண்ணு வந்தா இருபதாம் தேதி நான் நேரத்துக்கு வீட்டுக்குப் போவேன்" என்றார். அவள் கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்தோம். அவள் படித்ததும் பி.காம்.தான், சாதாரண கல்லூரிதான். முந்தின வேலையில் யாரோ ஒருவர் அவளிடம் ஒரு மாதக் கணக்கை முழுதாக ஒப்படைத்திருக்கிறார், அவளும் அதில் அடிபட்டுத் தேறியிருக்கிறாள்.

உங்கள் கடையில் அது நடக்குமா என்பதுதான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது. நடக்கும் என்றே நினைக்கிறேன். சேலத்துக் கொலுசுத் தொழிலின் கணக்கு வெளியூர்க்காரர்கள் நினைப்பதுபோல எளிதில்லை. வியாபாரி கட்டி வெள்ளியாக வாங்குகிறார், அதைப் பட்டறைகளுக்கு எடை போட்டுக் கொடுக்கிறார். அது கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று பல கை மாறிக் கொலுசாகத் திரும்பி வருகிறது. கொடுத்த எடை, வந்த எடை, டச் (வெள்ளியின் சுத்தம்), சேதாரம், கூலி எல்லாம் தனித்தனியாக நிற்கும். ஜி.எஸ்.டி. சட்டத்தில் இது ஜாப் ஒர்க், அதாவது பொருளை வெளியே கொடுத்து வேலை செய்து வாங்குவது, 143ஆம் பிரிவு. சலான் போட்டு அனுப்பிய வெள்ளி ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றுவிட்டதாகக் கணக்காகி வரி, வட்டியோடு வந்து நிற்கும். அப்படி அனுப்பியதையும் திரும்பியதையும் காட்டும் ஐ.டி.சி-04 படிவம் வேறு இருக்கிறது. விற்றுமுதல் ஐந்து கோடிக்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதற்குள் என்றால் வருடம் ஒருமுறை. நான் பார்த்த வரை பல கடைகளில் பட்டறை எடை நோட்டு முதலாளியின் கையிலும், டாலி என்கிற கணக்கு மென்பொருள் கணக்காளரின் கையிலும் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. வருடக் கடைசியில் ஆடிட்டர் வந்து கேட்கும்போதுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

அந்த இடைவெளியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் அனுமதி கேட்கக்கூட வேண்டியதில்லை. ஒரு எக்செல் தாளில் பட்டறை வாரியாகப் போன எடை, வந்த எடை, நிலுவை, சலான் தேதி என்று மூன்று மாதத்துக்குப் போட்டு முதலாளியிடம் காட்டுங்கள். எந்தப் பட்டறையில் எத்தனை கிலோ எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று ஒரே பக்கத்தில் பார்த்துவிட்டால் அவர் அப்புறம் அந்தத் தாளைத்தான் தினமும் கேட்பார். அன்றிலிருந்து நீங்கள் பில் போடுகிற பையன் இல்லை.

கூடவே மாதச் சுற்று முழுவதையும் உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள். டி.டி.எஸ். (பிடித்த வருமான வரி) 7ஆம் தேதி, ஜி.எஸ்.டி.ஆர்-1 11ஆம் தேதி, 2பி வருவது 14, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 15, 3பி 20. இவற்றில் எத்தனையை இன்றைக்கு வெளியில் ஒரு கன்சல்டன்டிடம் கொடுத்துச் செய்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வெளியே போகிற ஒவ்வொன்றும் உங்கள் சம்பளமாக மாறக்கூடிய பணம். போர்ட்டலில் டி.ஆர்.சி-01சி என்று ஒரு அறிவிப்பு வரும், 2பி-யில் இருப்பதைவிட 3பி-யில் அதிக ஐ.டி.சி. எடுத்திருக்கிறீர்கள் என்று. பதில் சொல்ல ஏழு நாள்தான் அவகாசம். அதற்கு ஒரு பக்கத்தில் ஒழுங்காகப் பதில் எழுதத் தெரிந்த இருபத்துநாலு வயதுப் பையனை நேர்காணலில் நான் அதிகம் பார்த்ததில்லை. ஆங்கிலம் வராதே என்று தயங்குகிறீர்கள் போலிருக்கிறது. பேச்சு மெதுவாக வரட்டும். முதலில் எழுத்து. சப்ளையருக்கு ஒரு மெயில், வங்கிக்கு ஒரு கடிதம், நோட்டீஸுக்கு ஒரு பதில் என்று எழுதிப் பழகினாலே பாதித் தயக்கம் போய்விடும்.

சரி, வேலையைக் கற்றுக்கொள்கிறீர்கள். அதற்குச் சாட்சி என்ன? இங்கேதான் சேலத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நான்கு வருட அனுபவம் என்பார்கள், சம்பளம் கவரில் போட்டுக் கொடுத்திருப்பார்கள், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது. நாங்கள் விசாரிக்கும்போது அந்த நான்கு வருடம் காகிதத்தில் இருக்காது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால் பி.எஃப். கட்டாயம். உங்கள் யு.ஏ.என். (பி.எஃப். எண்) பாஸ்புக்கில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை யார் கட்டினார்கள் என்று வரிசையாக இருக்கும், பெரிய கம்பெனிகள் அதைத்தான் பார்க்கின்றன. பத்துப் பேரோ அதற்கு மேலோ என்றால் இ.எஸ்.ஐ., மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு. உங்கள் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதம் பிடித்து, முதலாளி 3.25 சதவீதம் போட்டுக் கட்ட வேண்டும். உங்கள் கடையில் ஆள் குறைவு என்றால் இரண்டுமே பொருந்தாமல் இருக்கலாம், அது முதலாளியின் தவறில்லை. அப்படியானால் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேளுங்கள். வேலையில் சேர்ந்த தேதியையும் பொறுப்பையும் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமாக வாங்குங்கள். பெரும்பாலான முதலாளிகள் இதற்கு மறுப்பதில்லை, யாரும் கேட்காததால் கொடுப்பதில்லை.

இப்போது பெங்களூர். உங்கள் நண்பர் மூன்று லட்சம் என்று சொல்வது சி.டி.சி. தொகையாக, அதாவது கம்பெனி ஒருவருக்காகச் செய்யும் மொத்தச் செலவாக இருக்கும். அதைப் பிரித்துக் காட்டுகிறேன், இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, கூட்டல் கழித்தல்தான். வருடம் மூன்று லட்சம் என்றால் மாதம் 25,000. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 12,500 என்று வையுங்கள். கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 1,500, இந்த 25,000-க்குள்ளேயே இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81 சதவீதம், சுமார் 600, அதுவும் உள்ளேயே. நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து வருடம் முடிந்தால்தான் அந்தத் தொகை கைக்கு வரும். மீதி 22,900. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,500 போனால் கைக்கு வருவது 21,400. குழுக் காப்பீடு என்று இன்னும் கொஞ்சம் போகலாம். வேரியபிள் பே, அதாவது வேலையைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும் தொகை என்று பத்து சதவீதத்தை உள்ளே வைத்திருந்தால் இன்னும் குறையும். பி.எஃப். உங்கள் சேமிப்புதான், அது வீணில்லை. ஆனால் வாடகை கொடுக்க அது உதவாது.

பிஜி விடுதிக்கு ஒன்பதாயிரம், மதியச் சாப்பாடு, பஸ், மற்றதுக்கு நாலாயிரத்து ஐநூறு, மாதம் இரண்டு தடவை ஊருக்கு வந்துபோக இரண்டாயிரம் என்று போடுங்கள். மிஞ்சுவது 5,900. சேலத்தில் வீட்டிலிருந்தபடி உங்கள் செலவு நாலாயிரம் என்றால் 9,500 மிஞ்சுகிறது. ஆக முதல் வருடம் பெங்களூர் போனால் நீங்கள் கையிலிருந்து இழக்கிறீர்கள். பிறகு ஏன் போகிறார்கள்? இரண்டாவது வேலைக்காக. அங்கே ஒரு தெருவுக்குள் பத்துக் கம்பெனி இருக்கும். ஒன்றில் கற்றதை அடுத்ததில் விற்கலாம். சேலத்தில் அடுத்த வாய்ப்பு கண்ணில் படவே மாதக்கணக்கில் ஆகும். அதனால் போவதா வேண்டாமா என்பதை முதல் சம்பளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே என்ன வேலை தருகிறார்கள் என்று பாருங்கள். அங்கேயும் நாள் முழுக்க பில் என்ட்ரிதான் என்றால் மூன்று வருடம் கழித்தும் அதே கூட்டத்தில்தான் நிற்பீர்கள், வாடகையும் கொடுத்துக்கொண்டு. எம்.ஐ.எஸ். (நிர்வாகத்துக்கான அறிக்கைகள்), ஸ்டாக் ஆடிட் (இருப்புச் சோதனை), காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு), ஏற்றுமதி ஆவணங்கள், இ.ஆர்.பி. (கம்பெனி முழுவதையும் இணைக்கும் மென்பொருள்) என்று இங்கே கிடைக்காத ஒன்றைத் தொடவிடுவார்கள் என்றால் நஷ்டப்பட்டுக்கொண்டாவது போகலாம்.

இடையில் ஓசூர் இருக்கிறது, அதை ஏன் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை என்று எனக்குப் புரிவதே இல்லை. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய ஆலைகள், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான சிறிய ஆலைகள். இந்தச் சிறிய ஆலைகளில்தான் காஸ்டிங் தெரிந்த கணக்காளருக்குத் தட்டுப்பாடு. வாடகை பெங்களூர் அளவுக்கு இல்லை, வார இறுதியில் வீட்டுக்கு வந்துவிடலாம். சேலத்துக்குள்ளேயே ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் பூங்கா பக்கம் அமெரிக்கக் கணக்கு, மருத்துவ பில்லிங் செய்யும் அலுவலகங்கள் வந்திருக்கின்றன. மெடிக்கல் கோடிங்குக்கு உயிரியல், நர்சிங் படித்தவர்களைத்தான் விரும்புகிறார்கள், உங்களுக்கு அது சுற்று வழி. அமெரிக்க புக்கீப்பிங் பொருந்தும், இரவு ஷிஃப்ட் உடம்புக்கு ஒத்துக்கொண்டால்.

     

டி.என்.பி.எஸ்.சி. பற்றி வீட்டில் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். குரூப் 4-இல் இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500-இல் தொடங்குகிறது, அகவிலைப்படி தனி. தறிக்காரர் வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் 2024 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். இருநூறு கேள்வி, அதில் நூறு தமிழ். தமிழும் கணக்கும் உங்களுக்கு இயல்பாக வரும் என்றால் எழுதுங்கள். வேலையை விட்டுவிட்டு எழுதாதீர்கள். இருபத்தெட்டு வயதில் "ஐந்து வருஷமா படிச்சிட்டிருந்தேன் சார்" என்று வந்து உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரர்கள்தான், ஆனால் கல்லூரியிலிருந்து நேராக வந்தவருக்குக் கொடுப்பதைத்தான் அவர்களுக்கும் கொடுக்க முடிந்தது. இரண்டு தேர்வு என்று எல்லை வைத்துக்கொண்டு, அதை இப்போதே அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள்.

எம்.பி.ஏ. விஷயத்தில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. நல்ல கல்லூரி எம்.பி.ஏ. பலரைத் தூக்கிவிட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து 50,000 நிச்சயம் என்று சொல்லும் கல்லூரியில் கடன் வாங்கிச் சேராதீர்கள். போன வருடம் முடித்த பத்து மாணவர்களின் போன் நம்பரைக் கேளுங்கள், அவர்கள் காட்டுகிற சுவரொட்டியில் இருப்பவர்களை விட்டுவிட்டு. கொடுத்தால் பேசிப் பாருங்கள், கொடுக்காவிட்டால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பணத்தில் நூற்றில் ஒரு பங்கில் சி.எம்.ஏ. (அடக்கவிலைக் கணக்காளர் படிப்பு) இன்டர் எழுதலாம் என்று சொன்னால் மிகைதான், ஆனால் செலவில் பெரிய வித்தியாசம் இருப்பது நிஜம். பட்டதாரிகள் நேரடியாக இன்டரில் சேரலாம், வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். சி.ஏ. என்றால் பி.காம்.மில் 55 சதவீதம் எடுத்திருந்தால் நேரடியாக இன்டர், ஆனால் ஆடிட்டரிடம் செய்யும் இரண்டு வருடப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பில் கிடைக்கும் உதவித்தொகையில் உங்கள் வீடு ஓடுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டிலுமே பலர் நடுவில் விட்டுவிடுகிறார்கள். இருந்தாலும் சி.எம்.ஏ. இன்டர் ஒரு குரூப் பாஸ் செய்தவரை ஆலைக்காரர்கள் தனியாகப் பார்ப்பார்கள், அது என் அனுபவம்.

பக்க வருமானம் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் நிலையில் அது சீக்கிரம் வரக்கூடியது. பி.காம். படித்தவர்கள் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்து, நாசின் என்கிற மத்திய அரசின் வரிப் பயிற்சி நிறுவனம் நடத்தும் தேர்வை எழுதித் தேறிவிட்டால், தெருவில் இருக்கும் மளிகைக்கடை, ஹார்டுவேர், நூல்கடை என்று மற்றவர்களுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கலாம். முதலாளிக்குத் தெரிந்து செய்யுங்கள். இன்னொரு கொலுசுக் கடையின் கணக்கை மட்டும் தொடவே கூடாது. செவ்வாய்ப்பேட்டையில் யார் எங்கே வாங்குகிறார், என்ன டச், என்ன கூலி என்பது ரகசியம். அதை நீங்கள் வெளியே கொண்டுபோவதாக ஒரு சந்தேகம் வந்தால்கூட இந்த ஊரில் கணக்கு வேலை முடிந்தது.

இதுவரை சொன்னதில் சட்டம், தேதி, கழித்தல் கணக்கு எல்லாம் உறுதியானவை. இனி சொல்வது என் ஊகம். மூன்று வருடத்தில் 50,000 என்பது சேலத்தில் கணக்கு வேலையில் கஷ்டம் என்றே நினைக்கிறேன். முதல் தாவலில் இருபது இருபத்திரண்டு, அதிலிருந்து ஒன்றரை இரண்டு வருடத்தில் முப்பதைத் தொடுவது என்பது மாதக் கணக்கை முழுதாகக் கையாளும் ஒருவருக்கு நடக்கக்கூடியது. ஐம்பது வர ஐந்தாறு வருடம் ஆகலாம், அதற்குள் ஒரு தேர்வோ ஓர் ஊர் மாற்றமோ நடந்திருக்க வேண்டும். ஏ.ஐ. வந்து கணக்கு வேலையே போய்விடும் என்று ஒருவர் பயமுறுத்தியதாகவும் எழுதியிருந்தீர்கள். பில் என்ட்ரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதிவாகும் பில்) கட்டாயம், வங்கி ஸ்டேட்மென்ட் தானாக டாலிக்குள் வருகிறது. பட்டறைக்காரரிடம் போய் நாற்பது கிராம் எங்கே என்று கேட்கும் வேலை எப்போது இயந்திரத்துக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சம்பள உயர்வு கேட்கும் நேரமும் முக்கியம். ஏப்ரலில் எல்லோருக்கும் போட்ட பிறகு கேட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். பிப்ரவரியிலேயே கேளுங்கள், அல்லது ஒரு வேலையை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவந்த மறு மாதம். தீபாவளிக்கு முன்னால் வேண்டாம், முதலாளிகள் எல்லோரும் போனஸ் கணக்கில் எரிச்சலாக இருப்பார்கள். கஷ்டம், விலைவாசி, தங்கை கல்யாணம் என்று ஆரம்பிக்காதீர்கள். சேர்ந்தபோது செய்த வேலை இது, இன்றைக்குச் செய்கிற வேலை இது என்று அரைப் பக்கம் எழுதிக் கொண்டுபோய் வையுங்கள். தொகையை நீங்களே சொல்லுங்கள். அவர் சொல்லட்டும் என்று விட்டால் ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும்.

அடுத்த வேலையை எங்கே தேடுவது? இணையத்தில் விண்ணப்பியுங்கள், தப்பில்லை. ஆனால் சேலத்தில் நல்ல கணக்கு வேலைகள் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே ஆடிட்டர் அலுவலகத்தில் முடிந்துவிடுகின்றன. உங்கள் ஆடிட்டர் பல கடைகளின் புத்தகத்தைப் பார்க்கிறார். எந்தக் கணக்காளரின் புத்தகம் சுத்தமாக இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். டாக்ஸ் ஆடிட் நேரத்தில், அதாவது செப்டம்பர் 30-க்கு முன்னால், அவருடைய ஆட்கள் கேட்கும் தாளை அன்றைக்கே எடுத்துக் கொடுக்கிற ஒருவராக இருங்கள். எங்கள் நிதி மேலாளர் ஆள் தேடும்போது முதல் போன் எப்போதும் ஆடிட்டருக்குத்தான். வேலைக்கு முன்பணம் கேட்கிறவர்கள், ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் இரண்டு பேரையும் வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, முதலாளியிடம் சொல்வதா. தேடும்போது சொல்ல வேண்டாம். ஆடிட்டர் மூலம் தேடினால் அது அவர் காதுக்குப் போகும் என்பதையும் மனதில் வையுங்கள், அதனால் ஆடிட்டரிடம் ஜாடையாகச் சொல்லி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேரும் தேதியோடு ஆஃபர் கையில் வந்த பிறகு நேரில் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். அவர் உடனே கூட்டித் தருகிறேன் என்றால் ஒரு நாள் யோசியுங்கள். அப்படிக் கூட்டிக் கொடுத்து நிறுத்தியவர்களை அடுத்த ஆளைத் தயார் செய்யும் வரைக்கும்தான் வைத்திருந்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், விதிவிலக்கும் உண்டு. மார்ச் கடைசியில் விட்டுப் போகாதீர்கள். ஒரு மாத அவகாசம் கொடுத்து, போர்ட்டல் பாஸ்வேர்டுகளையும் உங்கள் எக்செல் தாளையும் அடுத்தவருக்குக் காட்டிக் கொடுங்கள். உங்கள் பொறுப்பில் வெள்ளி இருப்பு இருந்தால் அதை முதலாளி முன்னால் எடை போட்டு, பட்டறை நிலுவையையும் சேர்த்து எழுதி, அவர் கையெழுத்து வாங்கி ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ரிலீவிங் லெட்டரையும் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள், அப்புறம் தருகிறேன் என்றால் அலைய வேண்டியிருக்கும்.